பொறியாளர் கையில் ஒரு நாடு: ஹெர்பர்ட் ஹூவர் வழியாக நிபுணர் ஆட்சியைப் புரிந்துகொள்வோம்

1904 பிப்ரவரியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் தீப்பிடித்தது. உள்ளூர்த் தீயணைப்பு வண்டிகள் போதவில்லை. வாஷிங்டன், பிலடெல்பியா, நியூயார்க் என்று பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வண்டிகளும் ஆட்களும் வந்து இறங்கினார்கள். வந்தவர்கள் ஹோஸ் பைப்பை எடுத்துத் தெருவோரத் தண்ணீர்க் குழாயில் மாட்டப் பார்த்தால், மாட்ட முடியவில்லை. ஊருக்கு ஊர் மரை வேறு! தண்ணீர் இருக்கிறது, வண்டி இருக்கிறது, ஆள் இருக்கிறார்கள். இரண்டு இரும்பு வளையங்கள் மட்டும் ஒன்றோடொன்று சேர மறுக்கின்றன. 30 மணி நேரம் எரிந்த அந்தத் தீயில் 1,500க்கும் மேற்பட்ட கட்டடங்கள் சாம்பலாயின.

பட்டறைப் பக்கம் போய் வந்தவர்களுக்கு இது உடனே புரியும். ஒரு நட்டின் மரை சேராவிட்டால் மொத்த மெஷினும் நிற்கும். இந்த மாதிரிச் சிக்கலைக் கூட்டம் போட்டுப் பேசித் தீர்க்க முடியாது. விஷயம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து, அளந்து, “இனிமேல் எல்லா ஊருக்கும் இதுதான் அளவு” என்று சொல்ல வேண்டும்.

இங்கிருந்து ஒரு கேள்விக்குத் தாவுவது மிக எளிது. குழாய்க்குச் செய்ததை நாட்டுக்கும் செய்தால் என்ன? சத்தம் போடும் அரசியல்வாதிகளை ஓரமாக உட்காரவைத்துவிட்டு, அளக்கத் தெரிந்த பொறியாளர் கையில் ஆட்சியைக் கொடுத்தால் எல்லாம் ஒழுங்காகிவிடாதா? டீக்கடையில் இந்தப் பேச்சை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம்; நானே பல முறை பேசியும் இருக்கிறேன். இந்த எண்ணத்துக்கு ஒரு பெயர் உண்டு: டெக்னோகிரசி. கிரேக்கத்தில் ‘தெக்னே’ என்றால் கைத்திறன், ‘கிராடோஸ்’ என்றால் அதிகாரம். இரண்டையும் சேர்த்து 1919இல் இந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் வில்லியம் ஹென்றி ஸ்மித் என்ற கலிஃபோர்னியப் பொறியாளர். தமிழில் நிபுணர் ஆட்சி எனலாம். தேர்தல் அரசியலில் வளராமல், தொழிலறிவின் பலத்தில் அதிகாரத்துக்கு வருபவரை டெக்னோகிராட் என்கிறோம்.

பொறியியல் படித்துவிட்டு நாட்டின் தலைமைக்கு வந்தவர்கள் உலகத்தில் நிறையப் பேர். சோவியத் ஒன்றியத்தின் பிரெஷ்னேவ் உலோகத் தொழில் படித்தவர், ரஷ்யாவின் யெல்ட்சின் கட்டுமானப் பொறியாளர், சீனாவின் ஹூ ஜிந்தாவ் நீரியல் பொறியியல் படித்தவர். ஆனால் அவர்களில் பலர் படிப்பு முடிந்த சில ஆண்டுகளிலேயே கட்சிக்குள் போய், கட்சி ஏணியில் ஏறியவர்கள். பொறியாளராகவே உலகப் புகழ் பெற்று, பணமும் சேர்த்து, ஒரு பொதுத் தேர்தலிலும் நிற்காமல் இருந்து, முதல் பொதுத் தேர்தலிலேயே நாட்டின் அதிபரானவர் என்று தேடினால் ஒருவர் பளிச்சென்று தெரிகிறார். அமெரிக்காவின் 31ஆவது அதிபர் ஹெர்பர்ட் ஹூவர். நிபுணர் ஆட்சி எங்கே ஜொலிக்கும், எங்கே சறுக்கும் என்பதை இவர் வாழ்க்கையைப்போல் தெளிவாகக் காட்டும் வேறொன்றை நான் அறியேன்.

கொல்லர் வீட்டுப் பிள்ளை

ஐயோவா மாநிலத்தில் வெஸ்ட் பிராஞ்ச் என்று ஒரு சிற்றூர். 1874 ஆகஸ்ட் 10ஆம் தேதி அங்கே இரண்டே அறை கொண்ட ஒரு மர வீட்டில் ஹூவர் பிறந்தார். அப்பா கொல்லர். குடும்பம் குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தது. ஆடம்பரம் கூடாது, அதிகம் பேசக் கூடாது, கஷ்டப்படுகிறவருக்கு அக்கம்பக்கத்தார் கைகொடுக்க வேண்டும் என்பவை அவர்களுடைய வீட்டுப் பாடங்கள். ஆறு வயதில் அப்பா போனார், ஒன்பது வயதில் அம்மாவும் போனார். மூன்று பிள்ளைகளையும் உறவினர்கள் ஆளுக்கொருவராக எடுத்துக்கொண்டார்கள். பதினோரு வயதில் ஹூவரை ரயிலேற்றி, ஆரெகன் மாநிலத்திலிருந்த தாய்மாமனிடம் அனுப்பினார்கள்.

இந்தக் குழந்தைப் பருவத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அநாதையான பிள்ளையைத் தூக்கி நிறுத்தியது அரசாங்கம் அல்ல, உறவும் அக்கம்பக்கமும்தான். அந்த நம்பிக்கை ஹூவரைவிட்டுக் கடைசிவரை போகவில்லை. பின்னால் அவரைக் கவிழ்த்ததும் அதே நம்பிக்கைதான்.

1891இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் திறந்தபோது அதன் முதல் வகுப்பு மாணவர்களில் அவரும் ஒருவர். சக மாணவர்களின் துணிகளைச் சலவைக்கு வாங்கிக் கொடுத்தும் நாளிதழ் போட்டும் செலவுக்குச் சம்பாதித்தார். நிலவியல் படித்தார். அந்த ஆய்வகத்தில்தான் லூ ஹென்றியைச் சந்தித்தார். ஸ்டான்ஃபோர்டில் நிலவியல் பட்டம் பெற்ற முதல் பெண் அவர். பிறகு ஹூவரின் மனைவி. 1895இல் பட்டம் வாங்கிய ஹூவருக்குப் பொறியாளர் வேலை கிடைக்கவில்லை. கலிஃபோர்னியாவில் ஒரு தங்கச் சுரங்கத்துக்குள் இறங்கி, கல் நிரம்பிய தள்ளுவண்டியைத் தள்ளினார். கூலி வேலை. கொஞ்ச நாளில் அதுவும் போயிற்று.

1897இல் லண்டனைச் சேர்ந்த ஒரு சுரங்க நிறுவனம் அவரை மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பியது. அவருக்கு 22 வயதுதான். அனுபவசாலியைத் தேடியவர்களிடம் வயதைக் கூட்டிக் காட்டத் தாடி வளர்த்துக்கொண்டார். அந்தச் செம்மண் பாலையில் குவாலியா என்ற இடத்தில் ஒரு சுரங்கத்தைப் பார்த்து, இதை வாங்கலாம் என்று பரிந்துரைத்தார். சொன்னது பலித்தது, 1963 வரை அந்தச் சுரங்கத்தில் தங்கம் எடுத்தார்கள்.

சீக்காளிச் சுரங்கங்களின் வைத்தியர்

சுரங்கப் பொறியாளர் என்றால் மண்ணுக்குள் குழி தோண்டுகிறவர் என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் அது கணக்குப்பிள்ளை வேலையும் சேர்ந்தது. ஒரு டன் கல்லில் எவ்வளவு உலோகம் இருக்கிறது, அந்த ஒரு டன்னை வெட்டி மேலே கொண்டுவர என்ன செலவு, இன்னும் எத்தனை ஆண்டுக்குக் கல் இருக்கிறது. இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தால் சுரங்கம் பிழைக்குமா சாகுமா என்று சொல்லிவிடலாம். நஷ்டத்தில் தள்ளாடும் சுரங்கங்களை எடுத்து நிமிர்த்துவதில் ஹூவர் பெயர் வாங்கினார்.

ஆஸ்திரேலியாவில் புரோக்கன் ஹில் என்ற ஊர் நல்ல உதாரணம். அங்கே பல ஆண்டுகளாக ஈயமும் வெள்ளியும் எடுத்துவிட்டு, மிச்சத்தை மலை மலையாகக் குவித்து வைத்திருந்தார்கள். அந்தக் குப்பையில் துத்தநாகம் நிறைய இருந்தது, பிரிக்கத்தான் வழியில்லை. 1905இல் ஹூவரும் கூட்டாளிகளும் அதில் கைவைத்தார்கள். கல்லை மாவாக அரைத்து, தண்ணீரும் கொஞ்சம் எண்ணெயும் கலந்து, காற்றை ஊதிக் கலக்கினால் நுரை பொங்கும். உலோகத் துகள் எண்ணெய்ப் பசையில் நுரைக்குமிழோடு ஒட்டிக்கொண்டு மேலே வரும். வெறும் கல்மாவு கீழே தங்கும். பாலில் ஆடை எடுப்பதுபோல் நுரையை வழித்தெடுத்தால் போதும். சொல்லும்போது சுலபம், வேலைக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன. உலகம் முழுக்கச் செம்பும் ஈயமும் துத்தநாகமும் பிரிக்க இன்றும் பயன்படுவது இதே முறைதான்.

சீனா, பர்மா, ரஷ்யா என்று ஹூவர் அலைந்தார். 1900இல் சீனாவின் தியான்ஜின் நகரத்தை, வெளிநாட்டவரை எதிர்த்த பாக்ஸர் கிளர்ச்சிக்காரர்கள் முற்றுகையிட்டபோது கணவனும் மனைவியும் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். கிடங்குகளில் கிடந்த மூட்டைகளை அடுக்கித் தடுப்புச் சுவர் எழுப்பும் வேலையை ஹூவர் பார்த்தார். லூ இடுப்பில் துப்பாக்கியோடு சைக்கிளில் மருத்துவமனைக்குப் போய்வந்தார். பல ஆண்டுகள் கழித்து வெள்ளை மாளிகையில், அடுத்தவர் காதில் விழக் கூடாத பேச்சென்றால் இருவரும் சீன மொழியில் பேசிக்கொண்டார்கள். அக்ரிகோலா என்ற ஜெர்மானியர் 1556இல் லத்தீனில் வெளிவந்த தன் சுரங்க நூலில், லத்தீனில் இல்லாத தொழிற்சொற்களைத் தானே உண்டாக்கி எழுதியிருந்தார். மொழிபெயர்க்கக் கடினமான அதை இவர்கள் இருவரும் சேர்ந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்து 1912இல் வெளியிட்டார்கள். எனக்கு இந்தத் தம்பதியைப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான்.

ஆனால் குவாலியாவில் இன்னொன்றும் நடந்தது. டன்னுக்கான செலவைக் குறைக்க வேலை நேரத்தைக் கூட்டினார். ஞாயிற்றுக்கிழமை இரட்டைச் சம்பளத்தை நிறுத்தினார். தொழிற்சங்கத்துக்கு மாற்றாக இத்தாலியிலிருந்து வந்த தொழிலாளர்களைக் கொண்டுவந்தார். கணக்கில் செலவு இறங்கியது. கணக்கு எழுதிய தாளில் அந்தத் தொழிலாளிகளுக்கு ஒரு வரிகூட இல்லை. நிபுணர் ஆட்சியைப் புரிந்துகொள்ள இதுதான் முதல் சாவி. எதை அளக்கிறோம் என்று தீர்மானித்த கணத்திலேயே எதைவிடுகிறோம் என்றும் தீர்மானித்துவிடுகிறோம்.

மாவு மூட்டை

1914இல் முதல் உலகப் போர் வெடித்தபோது ஹூவருக்கு வயது 40. லண்டனில் பெரும் செல்வந்தராக இருந்தார். ஜெர்மனி பெல்ஜியத்தைப் பிடித்துக்கொண்டது. பெல்ஜியம் தன் உணவில் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்கும் நாடு. கடலை பிரிட்டிஷ் கப்பற்படை மறித்து நின்றது. “பிடித்தவன் சோறு போடட்டும்” என்றது பிரிட்டன். “மறிப்பவன் வழிவிடட்டும்” என்றது ஜெர்மனி. நடுவில் 70 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள்.

ஹூவர் சுரங்கத் தொழிலை ஒதுக்கிவைத்துவிட்டு, சம்பளம் வாங்காமல் இந்த வேலையை எடுத்துக்கொண்டார். பெல்ஜியம் நிவாரண ஆணையம் என்ற அந்த அமைப்பு ஒரு குட்டி நாடு மாதிரியே நடந்தது. அதற்கென்று தனிக் கொடி, தனிக் கப்பல்கள். போரிடும் இரு தரப்போடும் தனித்தனியாக ஒப்பந்தம் போட்டது. அமெரிக்காவிலும் அர்ஜென்டினாவிலும் கோதுமை வாங்கிக் கப்பலேற்றுவார்கள். நீர்மூழ்கி சுட்டுவிடாமலிருக்கக் கப்பலின் விலாவில் ஆணையத்தின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதுவார்கள். ராட்டர்டாம் துறைமுகத்தில் இறக்கிப் படகில் மாற்றி, கால்வாய் வழியாக பெல்ஜியத்துக்குள் கொண்டுபோவார்கள். அங்கே ஊருக்கு ஊர் உள்ளூர்க் குழு. ரொட்டிக்கடைவரைக்கும் கணக்கு.

கணக்கு எந்த அளவுக்கென்றால், மாவு வந்த பருத்திச் சாக்குக்கும் கணக்கு. பருத்தியிலிருந்து வெடிமருந்து செய்யலாம். காலிச் சாக்கு ஜெர்மானியர் கைக்குப் போய்விட்டால் பிரிட்டன் மொத்த ஏற்பாட்டையும் நிறுத்திவிடும். அதனால் சாக்குகளை எண்ணித் தையல் கூடங்களுக்கும் கன்னிமாடங்களுக்கும் கொடுத்தார்கள். பெண்கள் அதில் சட்டை தைத்தார்கள், தலையணை உறை தைத்தார்கள். சிலர் சாக்கில் அச்சடித்திருந்த ஆலையின் பெயரையும் படத்தையும் அழிக்காமல், அதன்மேலேயே வண்ண நூலால் பூவேலை செய்து, நன்றி என்று எழுதி அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். அந்தச் சாக்குகளில் சில நூறு இன்றும் வெஸ்ட் பிராஞ்சில் ஹூவர் நினைவு நூலகத்தில் இருக்கின்றன. கன்சாஸில் ஏதோவொரு ஆலையின் முத்திரை, அதைச் சுற்றி முகம் தெரியாத ஒரு பெல்ஜியப் பெண்ணின் ஊசிவேலை. ஒரு நல்ல நிர்வாகம் என்ன செய்யும் என்று கேட்டால் நான் அந்தச் சாக்கைத்தான் காட்டுவேன்.

போர் முடியும்வரை பெல்ஜியத்திலும் வட பிரான்சிலும் ஏறக்குறைய 90 லட்சம் பேரின் வயிறு இந்த வழியில் நிறைந்தது. நிர்வாகச் செலவு நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை.

இங்கே நிபுணரின் அறிவு ஏன் இப்படி வேலை செய்தது? இலக்கில் கருத்து வேறுபாடு இல்லை. பட்டினி கிடப்பவர் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். எப்படிக் கொண்டுசேர்ப்பது என்பது மட்டுமே மிச்சமிருந்த கேள்வி. ‘எதற்கு’ என்பதற்கு விடை தெரிந்து, ‘எப்படி’ மட்டும் பாக்கியிருக்கும் இடம்தான் பொறியாளரின் சொந்த ஊர். 1921இல் ரஷ்யாவில் பஞ்சம் வந்தபோதும் இதுவே நடந்தது. கம்யூனிசத்தை ஹூவருக்கு அறவே பிடிக்காது. ஆனாலும் அவர் நடத்திய அமைப்பு 1922இன் உச்சத்தில் ஒரு நாளைக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு உணவு கொடுத்தது.

ஒரு விஷயத்தை இங்கே முடிச்சுப் போட்டு வைக்க வேண்டும். இவ்வளவும் நல்ல மனதுக்காரர்களின் நன்கொடையால் நடந்ததாக ஒரு சித்திரம் உண்டு. நன்கொடை வந்தது உண்மை. ஆனால் பெல்ஜியத்துக்கான செலவில் பெரும்பங்கு பிரிட்டிஷ், பிரெஞ்சு, பிறகு அமெரிக்க அரசுகளின் பணம். ரஷ்யாவுக்கு அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் 2 கோடி டாலர் ஒதுக்கியது. கை தொண்டர்களுடையது, பை அரசாங்கத்தினுடையது.

அமைச்சர்

1921 முதல் 1928 வரை ஹூவர் வணிகத் துறை அமைச்சர். யாரும் கண்டுகொள்ளாத துறையாக இருந்ததை நாட்டின் எந்திர அறையாக மாற்றினார். முதலில் பார்த்த பால்டிமோர் தீயை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அந்த வகைச் சிக்கல்தான் இப்போது அவர் கையில் வந்தது. தரைக்குப் பாவும் செங்கல்லில் மட்டும் சந்தையில் 66 அளவுகள் இருந்தன. உற்பத்தியாளர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசி, 11ஆகக் குறைத்தார். திருகாணி, போல்ட், குழாய், கட்டில், பால் புட்டி என்று வரிசையாக. சட்டம் போட்டு அல்ல, அவர்களையே ஒத்துக்கொள்ளவைத்து. இன்றைக்கு எந்தக் கடையில் வாங்கிய பல்பும் வீட்டு ஹோல்டரில் சரியாக உட்காரும்போது நாம் அதைப் பற்றி நினைப்பதே இல்லை. நினைக்க வைக்காததுதான் அந்த வேலையின் வெற்றி.

1922இல் கொலராடோ ஆற்று நீரை ஏழு மாநிலங்கள் பிரித்துக்கொள்ளும் ஒப்பந்தத்துக்குத் தலைமை தாங்கினார். ஆற்றின் மேல்பாதிக்கு ஆண்டுக்கு 75 லட்சம் ஏக்கர்-அடி, கீழ்ப்பாதிக்கு 75 லட்சம் ஏக்கர்-அடி. ஒரு ஏக்கர் நிலத்தில் ஓரடி உயரம் நிற்கும் தண்ணீர்தான் ஒரு ஏக்கர்-அடி. இந்த ஒப்பந்தம் இல்லாமல் பின்னால் ஹூவர் பெயரைத் தாங்கி எழுந்த 221 மீட்டர் உயர அணை வந்திருக்காது. ஆனால் கணக்குப் போடக் கையிலிருந்த சில பத்தாண்டுப் பதிவுகள், வழக்கத்தைவிட மழை அதிகம் பெய்த ஆண்டுகளுடையவை. ஆற்றில் இல்லாத தண்ணீரைப் பங்கு போட்டுவிட்டார்கள். நூறு ஆண்டு கழித்தும் அந்த மாநிலங்கள் அந்தப் பற்றாக்குறையோடு மல்லுக்கட்டுகின்றன. அந்த ஆற்றங்கரையில் காலங்காலமாக வாழும் பூர்வகுடிகளுக்கு மேசையில் நாற்காலியே போடவில்லை.

1927இல் மிசிசிப்பி ஆறு கரை உடைத்தபோது நிவாரணத்துக்கும் ஹூவரையே அனுப்பினார்கள். ரயில், படகு, கூடாரம், தடுப்பூசி எல்லாம் மளமளவென்று நடந்தன. அதே சமயம் கிரீன்வில் போன்ற இடங்களில் கறுப்பினத் தொழிலாளர்களைக் கரைமேலிருந்த முகாம்களைவிட்டு வெளியே போகவிடாமல் தடுத்து, அடையாள அட்டை மாட்டி, வேலை வாங்கினார்கள். முறையீடுகள் வந்தன. கறுப்பினக் கல்வியாளர் ராபர்ட் மோட்டன் தலைமையில் ஹூவர் ஒரு குழு அமைத்தார். குழு கண்டெடுத்த கசப்பான உண்மைகள் அப்போது வெளிச்சத்துக்கு வரவில்லை. குவாலியா கணக்குத் தாளில் பார்த்த அதே காலி வரி இங்கேயும்.

பத்திரிகைகளில் ஹூவர்தான் நாயகன். அமெரிக்காவில் அதிபரை முடிவுசெய்வது மாநிலங்களின் பிரதிநிதிகள் கொண்ட வாக்காளர் குழு. 1928 தேர்தலில் அந்தக் குழுவின் 444 வாக்குகள் அவருக்கு. எதிர்த்து நின்ற ஆல் ஸ்மித்துக்கு 87. ‘மகா பொறியாளர்’ என்று நாடே கொண்டாடியது.

எந்திரம் நின்றது

1929 மார்ச்சில் பதவியேற்றார். அக்டோபரில் பங்குச்சந்தை விழுந்தது. எட்டே மாதம்.

அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று பலர் சொல்வது சரியல்ல. நவம்பரிலேயே ஹென்றி ஃபோர்டு உள்ளிட்ட பெருந்தொழிலதிபர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்து, கூலியைக் குறைக்க வேண்டாம் என்று வாக்கு வாங்கினார். பொதுப்பணிகளை முடுக்கிவிட்டார். 1932இல் வங்கிகளைத் தாங்கிப் பிடிக்க ஒரு பெரிய அரசு நிதி நிறுவனத்தையே உருவாக்கினார். அவருக்கு முன்னிருந்த எந்த அமெரிக்க அதிபரும் ஒரு பொருளாதாரச் சரிவில் இவ்வளவு தலையிட்டதில்லை. தவறும் செய்தார்: 1930இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருளாதார அறிஞர்கள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தும், இறக்குமதி வரியை உயர்த்தும் சட்டத்தில் கையெழுத்திட்டார். பிற நாடுகளும் பதிலுக்கு வரியை ஏற்ற, உலக வணிகம் இன்னும் சுருங்கியது.

செங்கல்காரர்கள் பேச்சைக் காப்பாற்றினார்கள் என்றால் அதில் அவர்களுக்கும் லாபம் இருந்தது. சரக்கு விற்காமல் தேங்கும்போது கூலியைக் காப்பாற்றுவதில் யாருக்கு லாபம்? தொழிலதிபர்கள் கொஞ்ச நாள் தாக்குப்பிடித்துவிட்டு ஒவ்வொருவராகக் கூலியைக் குறைத்தார்கள். 1933க்குள் நான்கு பேரில் ஒருவருக்கு வேலை இல்லை.

ஆனால் மக்கள் மனதில் அவரைக் கொன்றது வேறொன்று. 1930இல் பெரும் வறட்சி. ஆர்கன்சா மாநில விவசாயிகளிடம் எதுவுமே மிஞ்சவில்லை. விதைக்கும் மாட்டுத் தீவனத்துக்கும் கடன் கொடுக்க அரசு சம்மதித்தது. ஆளுக்குச் சோறு போட அரசுப் பணமா? கூடாது என்றார் ஹூவர். அது செஞ்சிலுவைச் சங்கத்தின் வேலை, அக்கம்பக்கத்தார் வேலை. வாஷிங்டன் நேராகச் சோறு போடத் தொடங்கினால் மனிதர்களின் சொந்தக்கால் பலம் போய்விடும் என்று உண்மையாகவே நம்பினார். 1931 ஜனவரியில் அதே மாநிலத்தில் இங்கிலாந்து என்ற பெயருள்ள ஒரு சிற்றூரில் நூற்றுக்கணக்கான விவசாயிகள் கடைவீதியில் திரண்டு உணவு கேட்டு நின்றார்கள். செஞ்சிலுவைச் சங்கத்தில் நிவாரணம் கேட்டு எழுதித் தரும் விண்ணப்பப் படிவம் தீர்ந்துபோயிருந்தது. காகிதம் இல்லாததால் சோறு இல்லை.

பெல்ஜியத்தில் காலிச் சாக்கையும் எண்ணியவரின் ஆட்சியில் இது நடந்தது என்பதைப் படிக்கும்போது மனது ஆறுவதில்லை. கோவேறு கழுதைக்குத் தீவனம் உண்டு, மனிதனுக்கு இல்லையா என்று எதிர்க்கட்சிகள் கேட்ட கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. அக்கம்பக்கம் கைகொடுக்கும் என்றார். அக்கம்பக்கம் முழுவதும்தான் பட்டினி. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? முன்பு போட்டுவைத்த முடிச்சை இங்கே அவிழ்க்கலாம். தன் பழைய வெற்றிகளில் தொண்டர்களின் கையை மட்டும் அவர் நினைவில் வைத்திருந்தார், அரசாங்கத்தின் பையை மறந்துவிட்டார் என்பது என் கணிப்பு.

நிபுணர் ஆட்சிக்கு இரண்டாவது சாவி இது. 1930இல் அமெரிக்காவின் சண்டை ‘எப்படி’ என்பதில் இல்லை. ஒரு குடிமகன் பட்டினி கிடந்தால் அரசுக்குக் கடமை உண்டா இல்லையா என்ற ‘எதற்கு’ கேள்வி அது. அதற்கு அளவுகோல் கிடையாது. எதிரே நிற்பவர்களோடு வாதாடி, கேட்டு, விட்டுக்கொடுத்து, நம்பிக்கை கொடுத்துத்தான் விடை காண முடியும். அதற்குப் பெயர்தான் அரசியல். ஹூவரோ புள்ளிவிவரத்தைத் தட்டையான குரலில் வாசிக்கிறவர். கூட்டத்தைக் கண்டால் கூசுகிறவர். சுரங்க நிர்வாகி உத்தரவு போடலாம். அதிபர் கெஞ்சவும் வேண்டும், கட்டியணைக்கவும் வேண்டும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அரசு சோறு போடக் கூடாது என்பது பொறியியலில் எந்தப் பாடத்திலும் இல்லை; அது அவருடைய கொள்கை. நிபுணருக்கு அரசியல் கிடையாது என்று நினைப்பதுதான் நாம் செய்யும் முதல் பிழை. அவருக்கும் உண்டு, கணக்கின் மறைவில் இருப்பதால் நமக்குத் தெரிவதில்லை.

தகரமும் அட்டையும் கொண்டு கட்டிய குடிசைப் பகுதிகளை மக்கள் ‘ஹூவர்வில்’ என்றார்கள். போர்த்திப் படுக்கும் செய்தித்தாள் ‘ஹூவர் போர்வை’. வெளியே இழுத்துவிட்ட காலிப் பாக்கெட் ‘ஹூவர் கொடி’. போர்க்காலத்தில் உணவைச் சிக்கனமாகப் பயன்படுத்துவதற்கே அவர் பெயரை வினைச்சொல்லாக்கி மரியாதை செய்த அதே மக்கள்.

1932 கோடையில், 1945இல் தருவதாகச் சொன்ன தொகையை இப்போதே தரும்படி கேட்டு, முதல் உலகப் போரில் சண்டையிட்ட ஆயிரக்கணக்கான முன்னாள் வீரர்கள் குடும்பத்தோடு வாஷிங்டனில் வந்து கூடாரம் போட்டார்கள். ஹூவர் அவர்களைச் சந்திக்கவில்லை. ஜூலை 28ஆம் தேதி ராணுவத் தளபதி டக்ளஸ் மக்கார்தர் குதிரைப்படை, டாங்கிகளோடு இறங்கினார். ஆற்றுப் பாலத்தைத் தாண்ட வேண்டாம் என்ற உத்தரவையும் மீறித் தாண்டினார். கண்ணீர்ப்புகை, எரியும் குடிசைகள், ஓடும் குழந்தைகள். மறுநாள் பத்திரிகையில் பார்த்தவர்களுக்கு வேறெந்தத் தேர்தல் பிரச்சாரமும் தேவைப்படவில்லை. நவம்பர் தேர்தலில் வாக்காளர் குழு வாக்குகள் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு 472, ஹூவருக்கு 59.

மீண்டும் சொந்த ஊர்

அதிபர் சம்பளம் முழுவதையும் நற்பணிகளுக்குக் கொடுத்துவிட்டு வெளியேறியவர், 13 ஆண்டுகள் ஆட்சியாளர்களின் கண்ணில் படாமல் இருந்தார். 1933இல் புதிய அமைச்சர் அணையின் பெயரைக்கூட போல்டர் அணை என்று மாற்றிவிட்டார்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து உலகம் முழுக்கப் பசி. 1946இல் அதிபர் ட்ரூமன், எதிர்க்கட்சிக்காரர் என்று பார்க்காமல், 71 வயது ஹூவரைக் கூப்பிட்டார். எந்த நாட்டில் எவ்வளவு தானியம் இருக்கிறது, எவ்வளவு வேண்டும் என்று பார்த்துவரச் சொன்னார். ஹூவர் விமானமேறி ஐரோப்பாவையும் ஆசியாவையும் சுற்றினார். உணவுத் தட்டுப்பாட்டில் தவித்துக்கொண்டிருந்த இந்தியாவுக்கும் வந்தார். மறுபடியும் ‘எப்படி’ மட்டும் மிச்சமிருந்த வேலை. மறுபடியும் அதைச் சுத்தமாகச் செய்தார். 1947இல் அவர் பரிந்துரையால் ஜெர்மனியில் பள்ளிக் குழந்தைகளுக்கு மதிய உணவு தொடங்கியது. 35 லட்சம் குழந்தைகள் வீட்டுப் பாத்திரத்தோடு வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிட்டார்கள். அந்த உணவுக்கு ஜெர்மானியர் வைத்த பெயரிலும் ஹூவர் இருந்தார். அதே ஆண்டு அணைக்கு அவர் பெயர் திரும்பக் கிடைத்தது. அரசு அலுவலகங்களின் ஒழுங்கீனத்தைச் சீர்படுத்த அமைத்த ஆணையத்துக்கும் அவரையே தலைவராக்கினார்கள்.

1964 அக்டோபர் 20ஆம் தேதி, 90 வயதில், நியூயார்க்கில் இறந்தார். வெஸ்ட் பிராஞ்சில் ஒரு சின்ன மேட்டில் அவரையும் லூவையும் அடுத்தடுத்துப் புதைத்திருக்கிறார்கள். படுக்கைவாட்டில் இரண்டு வெள்ளைக் கற்கள். பதவி எதுவும் பொறிக்கவில்லை. பெயரும் ஆண்டும் மட்டும். அங்கே நின்று பார்த்தால், நடுவில் மறைப்பேதும் இல்லாமல், கீழே அந்த இரண்டறை மர வீடு தெரியும். அகலம் 14 அடி, நீளம் 20 அடி.